இருபத்து நான்காவது வரி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. லிஸ்பன் நகரத்தில் ஜேப்படித் திருடர்கள் அதிகம் என்று படித்தேன்.
2. அவர்களிடமிருந்து தப்பிக்க இருபத்து மூன்று வரிகளில் ஒரு பட்டியல் போட்டேன்.
3. பட்டியலை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தேன்.
4. ஒரு திருடனும் என் பக்கம் வரவில்லை.
5. இருந்தும் இரண்டு பாஸ்போர்ட் வைத்திருந்த பை என்னைவிட்டுப் போனது.
6. அன்று சாயங்காலம் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் ஜேப்படிச் சந்தேகத்தின் பேரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.
7. அது நான். பக்கத்து நாற்காலியில் அம்மா.

இந்த ஏழு வரிகளைக் கேட்டவர்கள் எல்லோரும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்களிடம் தாளை நீட்டிவிடலாம்.

மைசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். மற்றவர்கள் கஷ்டப்பட்டு உருவாக்கியதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று யோசிப்பதுதான் என் வேலை. அதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. முதல் கட்டத்தில் எண், இரண்டாவதில் செய்ய வேண்டியது, மூன்றாவதில் எதிர்பார்க்கும் விளைவு. நாலாவது கட்டம் காலியாக இருக்கும். சோதனை முடிந்த பிறகு, நடந்த விளைவை அதில் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. சிலிண்டர் மாற்றுவது, அம்மாவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போவது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் அட்டவணை இருக்கும். (தனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் கையில் ஒரு தாள் வைத்திருந்ததாகத் தம்பி தினேஷ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மைதான். ஆனால் ஒரு பக்கத் தாள்.)

அலுவலக வேலையாக மூன்று நாள் லிஸ்பன் போக வேண்டி வந்தது. கூடவே இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவையும் அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குக் கொள்ளேகால் பிறந்த ஊர். கல்யாணமாகி மைசூர் அக்ரஹாரத்துக்கு வந்தார். அவர் போன பயணங்களில் பெரியது என்றால் திருப்பதி. விமானத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் பழக்கம்.

ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் திரும்பி வந்து இறங்குவது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலில் தினேஷுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பெண் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை தேதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். நான் அவரிடம் சொன்ன பதில் இதுதான்: "எல்லாம் பிளான் பண்ணிட்டேன்ப்பா. நான் கூட்டிட்டுப் போறேன், நானே கூட்டிட்டு வந்துருவேன்."

அப்பாவுக்கு அது போதவில்லை. அவர் தொலைக்காட்சியில் எப்போதோ பார்த்திருந்தார்: அந்தப் பக்கத்து ஊர்களில் டிராமில் ஏறுகிறவர்களிடம் பாஸ்போர்ட்டையே உருவிவிடுகிறார்களாம். நானும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. எத்தனை வழிகள், எவ்வளவு கூட்டு வேலை. ஒருவன் வழி கேட்கிறான், இன்னொருவன் இடிக்கிறான், மூன்றாமவன் எடுக்கிறான். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பட்டியல் பிறந்தது. அலுவலகப் பழக்கத்தில் அதே நாலு கட்ட அட்டவணையாக, ஆங்கிலத்திலேயே எழுதினேன். அம்மாவுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன். சில வரிகள் மட்டும் இங்கே.

நாலாவது வரி: திருடனை ஏமாற்ற மூன்று போலி பர்ஸ்கள். உண்மையான பர்ஸ் போலத் தெரிவதற்காக ஒன்றில் தினேஷின் பழைய கல்லூரி அட்டையையும், இன்னொன்றில் அப்பாவின் காலாவதியான வங்கி அட்டையையும், மூன்றாவதில் என் தோழி ஒருத்தியின் பழைய நூலக அட்டையையும் செருகினேன்.

ஒன்பதாவது வரி: பாஸ்போர்ட்டுகளைப் பையின் அடியில், அட்டைக்குக் கீழே வைத்து உள்துணியைத் தைத்துவிட வேண்டும். தைத்தது அம்மா. கொள்ளேகால் பட்டு நூலில், இரட்டையாக. அவசரத்துக்குப் பிரிப்பதற்கு ஒரு சின்னத் தையல் பிரிப்பானும் பையில் உண்டு.

பன்னிரண்டாவது வரி: கூட்டத்தில் முகத்தைப் பார்க்காதே, கைகளைப் பார்.

பதினாறாவது வரி: யாரோடும் பேசாதே. மணி கேட்பவர், கையெழுத்துக் கேட்பவர், தோளில் பறவை எச்சம் என்று துடைக்க வருபவர், எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள்.

அம்மாவுக்குப் பறவை எச்சத்தில்தான் மனசு ஆறவில்லை. "காக்கா எச்சத்தத் தொடச்சு உடறவனக்கூட நம்பக்கூடாதா, அம்முணி? என்ன ஊரு அது?"

பத்தொன்பதாவது வரி: போலீஸ் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கேட்பவரிடம் முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேள். போலிப் போலீஸ்கள் உண்டு.

எழுதினால் போதாது, சோதிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஷைத் திருடனாக நியமித்து தேவராஜா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். பூக்கடை வரிசையில் மூன்று தடவை கையை விட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை நான் உள்ளே குத்தி வைத்திருந்த ஊக்கு அவன் விரலில் ஏறியது. அவன் என் பைக்குள் கைவிடுவதைப் பார்த்த பூக்காரம்மா ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இவன் என் தம்பிதான் என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகே விட்டார். நடந்த விளைவு: தேர்ச்சி.

அடுத்தது பேருந்துச் சோதனை. சாமுண்டி மலைக்குப் போகும் பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். தினேஷ் பின்னால் நின்றான். வளைவுகளில் பை ஆடியதைப் பார்த்து, சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் ஒருவர் கன்னடத்தில் "கொடி", அதாவது கொடுங்கள், என்று கையை நீட்டினார். கொடுத்தேன். மலை உச்சியில் வாங்கிக்கொண்டேன். இறங்கியதும் தினேஷ் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

"அக்கா, பேகே உங்கிட்ட இல்ல. நான் எதத் திருடறது? சும்னே நின்னுட்டு வந்தேன்."

நடந்த விளைவு: தேர்ச்சி.

என் தொழிலில் சோதனை தோற்றால் யாரும் கவலைப்படுவதில்லை. தவறான காரணத்துக்காக ஜெயிப்பதுதான் ஆபத்து. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் வகுப்பெடுக்கிறேன். அன்று மலை உச்சியில் தேங்காய் பத்தை தின்றுகொண்டு, 'தேர்ச்சி' என்று நானே எழுதினேன்.

லிஸ்பன் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஊர் முழுக்க மேடும் பள்ளமும். நடைபாதையில் பல் வரிசை போலச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், நடந்து நடந்து வழவழப்பானவை. வீடுகளின் வெளிச்சுவர் முழுக்க நீலமும் மஞ்சளுமாக ஓடுகள். அம்மா முதல் நாள் முழுக்க அண்ணாந்தே நடந்தார். "பாத்ரூம் டைல்ஸ வூட்டுக்கு வெளிய ஒட்டியிருக்காங்க பாரு" என்றார். ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. இவர்களும் துவைக்கிறார்கள்.

ஆனால் பதினாறாவது வரி அவரை வாட்டியது. மைசூரில் அரைக் கிலோ பீன்ஸ் வாங்குவதற்குள் நாலு குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொண்டு வருபவர். இங்கே நாலு நாள் யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. விடுதிப் படிக்கட்டில் ஒருவர் பெட்டியைத் தூக்க உதவி செய்ய வந்தபோது, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்துப் பாராட்டினேன். (எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.)

கடைசி நாள் மத்தியானம். மறுநாள் காலையில் விமானம். அப்பா பயந்த அந்த டிராமை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. மஞ்சள் வண்ணத்தில் ஒற்றைப் பெட்டி, மர இருக்கைகள், பித்தளைக் கைப்பிடிகள். ஏறினோம். உட்கார இடமில்லை.

என் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நெஞ்சுப் பக்கமாக மாட்டியிருந்தேன். இரண்டு தோள்பட்டை வார், இடுப்பில் ஒரு வார், நெஞ்சில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கிக்கு ஒரு பூட்டு. கழற்ற வேண்டும் என்றால் ஏழு படிகள். திருடனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பது என் கணக்கு.

எங்களுக்கு முன்னால் இருந்த சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்தார். டிராம் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் என் பை அவருடைய கண்ணாடியை இடித்தது. மூன்றாவது வளைவில் கண்ணாடியைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உட்கார்ந்திருக்கும் ஒருவர், நிற்கும் என்னை நோக்கி இரண்டு கைகளை நீட்டுகிறார். மைசூருக்கும் கொள்ளேகாலுக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை நின்றுகொண்டே போயிருக்கிறேன். பள்ளிக்கூடப் பை, பலாப்பழம், ஒரு தடவை அத்தையின் கைக்குழந்தை, எல்லாவற்றையும் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள். அதற்கு யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை. கை நீண்டால் பை போகும்.

பூட்டைத் திறந்தேன். கொக்கியை விடுவித்தேன். இடுப்பு வாரைத் தளர்த்தினேன். ஏழு படிகளையும் வரிசை தவறாமல் செய்து, பையை அவர் மடியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அம்மா தம் மஞ்சள் துணிப்பையையும் (உள்ளே முறுக்கு, தண்ணீர் பாட்டில், போர்வை) அதன்மேல் வைத்துவிட்டு அவரும் சிரித்தார். நாலு நாளில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கைகள் காலியானதும் எனக்கு அப்படி ஒரு லேசு. ஊரில் இருப்பது போலவே இருந்தது. பட்டியல் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் தள்ளி டிராம் நின்றுவிட்டது. தண்டவாளத்தை ஒட்டி யாரோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டுநர் மணியடித்துப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கினார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள்.

பேருந்து வழியில் நின்றால் இறங்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பயணிகளின் கடமை. அம்மா இறங்கினார். அம்மாவை விட்டுப் பிரியக்கூடாது என்பது என் மூன்றாவது வரி. நானும் இறங்கினேன். நாலு இளைஞர்கள் காரின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி ஓரத்துக்கு நகர்த்தினார்கள். இவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை. அம்மா முன்னால் போய், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கார் நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். நாங்கள் தட்டி முடிப்பதற்குள் டிராம் கிளம்பிவிட்டது.

கொள்ளேகால் பேருந்தில் கண்டக்டர் தலையை எண்ணாமல் விசில் ஊதமாட்டார். இங்கே கண்டக்டரே கிடையாது. இது என் பட்டியலில் இல்லை. இறக்கத்தில் மஞ்சள் பெட்டி வளைந்து மறைந்தது. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளையாட்டுக் காலணியில் ஓடினார், நான் அவருக்கு முன்னால் ஓடினேன். வழவழப்பான கற்களில் இரண்டு பேரும் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. அடுத்த முனைக்கு வந்தபோது தண்டவாளம் மட்டும் இருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்க எத்தனை நாள் ஆகும் என்பதை நானே இருபத்து மூன்றாவது வரியில் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது. தினேஷ் கொள்ளேகாலில் பட்டு வேட்டியோடு நிற்பதும், எதிரே பெண் வீட்டார் தட்டோடு நிற்பதும், நடுவில் அம்மாவின் இடம் காலியாக இருப்பதும் கண்முன் வந்தது. 'எல்லாம் பிளான் பண்ணிட்டேன்ப்பா.'

அம்மா திட்டவில்லை. சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"யாருகிட்டயும் பேசக்கூடாதுன்னுதான சொன்ன? பேசாமயே குடுத்துப்போட்டோம்."

அடுத்த டிராமில் ஏறினோம். பணத்தை நாலு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும் என்பது ஏழாவது வரி. மூன்று இடங்கள் அந்தப் பையிலேயே இருந்தன. நாலாவது என் வலது காலுறை. ஓட்டுநருக்கு எதிரே ஒற்றைக் காலில் நின்று காலணியைக் கழற்றி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஓரமாக இரண்டு விரலால் வாங்கினார்.

கடைசி நிறுத்தம் ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருந்தது. "கடைசி ஸ்டாப்பு சுடுகாடா" என்று அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "கணக்காத்தான் வெச்சிருக்காங்க" என்றார். எங்கள் டிராம் அங்கே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பெண்மணி இல்லை, பை இல்லை. ஓட்டுநர் அம்மாவின் சேலையைப் பார்த்ததும் விறைத்தார். அவர் படபடவென்று பேசியதில் எங்களுக்குப் புரிந்தது 'போலீஸ்' என்ற ஒரே சொல். கையை நீட்டித் தெருவைக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. பை போலீசிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். சந்தேகத்துக்கு ஆளான இருவர் இவ்வளவு சந்தோஷமாக அந்த நிலையத்துக்குள் நுழைந்திருக்கமாட்டார்கள்.

சிவப்புக் கண்ணாடிப் பெண்மணி அங்கே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று விரலை நீட்டினார். அம்மா ஓடிப் போய் அந்த விரலோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தரமா வெச்சிருந்தீங்களா? நல்லா இருக்கோணும் நீங்க" என்றார். பதினாறாவது வரி அத்தோடு காலாவதி ஆனது. பெண்மணி கையை இழுத்துக்கொண்டார்.

மேசைமேல் என் பை, திறந்து கிடந்தது. அதற்கு எதிரே வரிசையாக மூன்று பர்ஸ், மூன்று வேறு வேறு ஆட்களின் அட்டைகள், ஊக்குகள், பூட்டு, தையல் பிரிப்பான். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் முறுக்கு.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரிக்கு ஆங்கிலம் தெரிந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதலில் அந்தப் பெண்மணியின் வாக்குமூலத்தைப் படித்துச் சொன்னார். இந்த இரண்டு பெண்களும் டிராமில் ஏறியது முதல் யாரோடும் பேசவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கைகளையும் பைகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இளையவள் திடீரென்று தன் பையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். வண்டி நின்றதும் இருவரும் கூட்டத்தில் இறங்கி மறைந்துவிட்டார்கள். திருடிய பொருளை என்மேல் தள்ளிவிட்டுத் தப்பித்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வரி வரியாக என் பட்டியல்தான்.

அதிகாரி ஒரு பர்ஸை எடுத்தார். "இது யாருடையது?"

"என்னுடையது."

"இது?"

"அதுவும் என்னுடையது. மூன்றும் என்னுடையவை."

தினேஷின் கல்லூரி அட்டையை எடுத்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஆண் யார்?"

"என் தம்பி."

"தம்பியின் அட்டை உங்களிடம் எதற்கு?"

இதற்குத் தயாராகியிருக்கலாம். தயாராகவில்லை. உண்மையைச் சொன்னேன். "திருடனிடம் கொடுப்பதற்கு."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்.

இந்த இடத்தை எப்படி எழுதினாலும் எனக்கு மன்னிப்பு இல்லை. சுவரில் அந்த நாட்டுக் கொடி. வாசலில் போலீஸ் வண்டி. எதிரே சீருடை. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "முதலில் உங்கள் அடையாள அட்டையைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் சுவரிலிருந்த கொடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் முன்னும் பின்னும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட்டுகள் பையின் அடியில் தைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்றும், பிரிப்பதற்கு மேசைமேல் இருக்கும் தடயப் பொருள் தேவை என்றும் சொன்னேன். அவர் தையல் பிரிப்பானைத் தள்ளினார். அம்மா பையை மடியில் வாங்கிக்கொண்டார். பட்டு நூல், அதுவும் இரட்டை, அறுப்பதற்கு லேசில் வராது. அம்மாவின் வாசிப்புக் கண்ணாடி விடுதியில் இருந்தது. தையலை மூக்கருகில் கொண்டு வந்து, தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, ஒன்றும் தெரியாமல் தடவினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவப்புக் கண்ணாடிப் பெண்மணிக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, தம் கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் முகத்தில் மாட்டிவிட்டார். அம்மா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, "இப்பத் தெரியுதுங்க" என்று தமிழில் சொன்னார். பெண்மணி கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா பிரிக்கப் பிரிக்க நூலை இழுத்துக் கொடுத்தார். நூலின் பளபளப்பைப் பார்த்து விரலில் சுற்றிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டுகள் வெளியே வந்தன. கூடவே மடித்த தாள் ஒன்றும் வந்தது. என் பட்டியல்.

அதிகாரி அதை நிதானமாகப் படித்தார். நாலாவது வரியில் பர்ஸ்களைப் பார்த்தார். பன்னிரண்டாவதில் பெண்மணியைப் பார்த்தார். பத்தொன்பதாவதில் தம் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அவர் சிரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரி. பையை எதற்கு இவரிடம் கொடுத்தீர்கள்?"

எங்கள் ஊர்ப் பேருந்தைப் பற்றிச் சொன்னேன். நிற்பவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுப்பார்கள், யார் என்று தெரிய வேண்டியதில்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்வார்கள். அவர் பெண்மணியிடம் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஒரு கேள்வி அனுப்பினார்: வாங்கி வைத்துக்கொண்டவர் திருப்பிக் கொடுக்காவிட்டால்?

நான் அந்தக் கேள்வியைப் பற்றி யோசித்ததே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிவப்புக் கண்ணாடி வழியாக என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"குடுக்காம? அவிய கையில வேற பை இருக்குமல்ல, ரெண்டையும் எப்படித் தூக்கிட்டு எறங்குவாங்க?"

இதையும் மொழிபெயர்த்தார்கள். பெண்மணி தம் காலடியில் இருந்த காய்கறிப் பையைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் உறையைக் காட்டி ஏதோ கேட்டார். தடயம் என்ற நிலையிலிருந்து முறுக்கு விடுதலை ஆனது. ஆளுக்கு ஒன்று. அதிகாரிக்கு இரண்டு.

கிளம்பும்போது அவர் என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அடியில் இருந்த காலி இடத்தில், நீல மையில், 24 என்று எண் போட்டு ஒரு வரி எழுதியிருந்தார்: உன் பையை நீயே யாரிடமும் கொடுக்காதே. இருபத்து மூன்று வரி எழுதிய நான் அதை எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

திரும்பும் டிராமில் பெண்மணியும் எங்களோடு ஏறினார். அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் எங்களை நிமிர்ந்து பார்த்து, மடியை இரண்டு தட்டுத் தட்டினார். அம்மா உடனே மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டார். நான் நீல மை வரியை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கொடுத்தேன். ஆனால் தோள்பட்டை வாரின் நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றும்போது அம்மா அவருடைய இடத்தில் இருந்தார். அதற்குள் கதை பெண் வீட்டார் வரை போயிருந்தது. அம்மா தட்டைத் தூக்கிச் சம்பந்தியம்மாவிடம் நீட்டிய நேரத்தில், பின்னாலிருந்து தினேஷ் சொன்னான்: "அம்மா, பேசிட்டுக் குடு."

மண்டபம் சிரித்து முடிக்கும் வரை இரண்டு தட்டும் அந்தரத்தில் நின்றன. நிச்சயப் புகைப்படத்தில் எல்லோருக்கும் வாய் திறந்திருக்கிறது, என்னைத் தவிர. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் யாரிடம் எதைக் கொடுத்தாலும், உப்பு ஜாடியாக இருந்தாலும், யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் தினேஷின் மனைவியும் சொன்னாள். அவள் அசல் மைசூர்க்காரியாக ஆகிவிட்டாள்.

இப்போதைய நிலவரம். பாஸ்போர்ட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அட்டவணைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். இருபத்து நான்காவது வரிக்கு எதிரே 'நடந்த விளைவு' கட்டம் காலியாகவே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பேருந்தில் நல்ல கூட்டம், பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன். பை என்னிடம் இல்லை.